தாழ்ப்பாள் ஒழிப்பு மசோதா

ஒரு காட்டில் இருட்டியதும் ஒரு சத்தம் கேட்கும். சர்ரக்... சர்ரக்... எந்த வளையில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல், யாரோ ஒவ்வொரு கதவாக நகத்தால் சுரண்டிக்கொண்டு போவார்கள். ஜெசிந்தா என்ற முயல் தன் மூன்று குட்டிகளையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தாழ்ப்பாளை இன்னொரு முறை தொட்டுப் பார்ப்பாள்.

அந்தத் தாழ்ப்பாளுக்குத்தான் ஆபத்து வந்தது. காட்டுச் சட்டமன்றத்தில் நரியார் மசோதா கொண்டுவந்தார்: "ஒளிவுமறைவற்ற வாழ்வுக்காக, இனி யார் வீட்டிலும் உள்தாழ்ப்பாள் கூடாது." அதற்கு முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பார்களாம். யாரும் வரலாம். ஆளுக்கு மூன்று நிமிடம்.

ஜெசிந்தா மயில் சிஸ்டர்களின் கான்வென்டில் படித்தவள். பேச வேண்டுமானால் கை தூக்க வேண்டும், பொய் சொன்னால் முட்டி போட வேண்டும். போனாள். கை தூக்கினாள்.

"குட் மார்னிங், சார்," என்று ராகம் போட்டாள்.

"முதல்ல முகவரி சொல்லுங்கம்மா," என்றார் குழுத்தலைவர் நரியார். "வீட்ல எத்தனை குட்டி? அதுல எத்தனை குண்டு? பதிவுக்காகத்தான்."

செயலாளர் ஓணான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது.

பின்னால் நின்ற முள்ளெலி அவள் காதைக் கடித்தது. "அக்கா, சொல்லிடாதீங்க! போன கூட்டத்துல காடை சொன்னா. மறுநாள் கதவைத் திறந்தா வாசல்லயே ஆளு. இப்ப அந்த முகவரியில இறகுதான் குடியிருக்கு."

ஜெசிந்தா மனசுக்குள் மயில் சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

"மூங்கில் புதர் தாண்டி, பாறைக் குகை, சார். மூணு குட்டி. மூணும் கொழுகொழுன்னு இருக்கும்."

நரியார் நிறுத்தி நிறுத்தி எழுதினார். நடுவில் நாக்கைச் சப்புக்கொட்டினார். மூன்று நிமிடம் முடிந்தது.

"உங்கள் கருத்துக்கு நன்றி," என்றது ஓணான்.

"நான் இன்னும் கருத்தே சொல்லலையே!"

"அடுத்தவங்க வாங்க."

ஜெசிந்தா வீட்டுக்கு வந்து, யாரும் சொல்லாமலே முட்டி போட்டாள்.

அந்தப் பாறைக் குகையில் போன வாரம்தான் ஒரு சிறுத்தை பிரசவத்துக்கு வந்திருந்தாள். அது ஜெசிந்தாவுக்குத் தெரியும், நரியாருக்குத் தெரியாது. இருட்டியதும் போனார். சர்ரக்கென்று சுரண்டினார். கதவு தானாகத் திறந்தது. தாழ்ப்பாளே இல்லை.

"ஆகா, எவ்வளவு முன்னேறிய குடும்பம்!" என்று உள்ளே நுழைந்தார்.

இருட்டில் இரண்டு கண்கள் எரிந்தன.

"எவன்டா அவன், சத்தம் போடறது? மூணும் இப்பத்தான் கண்ணை மூடுச்சு!"

நரியார் வாலில் பாதியை அங்கேயும் மசோதாவை வழியிலும் விட்டுவிட்டு ஓடினார். தன் வீட்டுக்குள் பாய்ந்தார். கதவைச் சாத்தினார். உள்ளே, நல்ல கனமான பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று இருந்தது. இரண்டு கையாலும் அதை இழுத்துப் போட்டார்.

நீதி: மக்கள் கருத்து சட்டமன்றத்தின் காதில் ஏற மூன்று நிமிடம் போதாது; ஒரு சிறுத்தையும் வேண்டும்.