யோகாவின் சொட்டு மருந்தும் எனது பஸ் பயணமும்

கிரவீன், சிட்னி

அன்புள்ள மச்சான் சிறிதரனுக்கு,

இங்கு நான் நலம். உம்முடைய தங்கச்சி யோகா என்னைவிட நலம். அந்த நலத்தால் வந்த கரைச்சலைச் சொல்லத்தான் இக்கடிதம்.

நாடு முழுவதும் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கி, கடை திறந்து, வரி போட்டு விற்க வேண்டுமென்ற பேச்சு மெல்பேர்ன் ஸ்பிரிங்வேலிலும் உமது காதில் விழுந்திருக்கும். எங்கள் முதியோர் சங்கம் அதை எதிர்த்து மனுப் போடுகிறது. எழுதியது அடியேன். "கஞ்சா குடும்பத்தைக் குலைக்கும்" என்ற முதல் வரிக்கே கூட்டத்தில் கைதட்டினார்கள். வீட்டில் வாசித்துக் காட்டினேன், யோகா நித்திரை. முழங்கால் நோவால் வருடக்கணக்காக இரவிரவாகப் புரண்ட மனுசி, புதுச் சொட்டு மருந்து தொடங்கியதிலிருந்து குறட்டை விடுகிறாள். என்ன மருந்தப்பா இது என்று போத்தலை வாசித்தால், எனக்குத் தலை சுற்றிவிட்டது.

"இஞ்சேரும், இது கஞ்சா எண்ணெயெல்லே!"

"ஓம். டொக்டர் தர்ஷனா எழுதித் தந்தது. சட்டப்படிதான்."

சட்டப்படிதானாம். ஆனால் அதை எடுத்தவர் கார் ஓடக்கூடாதாம், பொலிஸ் எச்சிலைச் சோதித்தால் பிடிபடுமாம். எனக்குத் தூரத்துப் பார்வை மங்கி லைசன்ஸ் போனதிலிருந்து யோகாதானே என் சாரதி!

"அப்ப என்னை ஆர் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போறது?"

"பஸ் ஓடுதுதானே."

ஓடியது மச்சான், நன்றாக ஓடியது, என்னை ஏற்றிக்கொண்டு, கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக, பிளாக்டவுனுக்கு. மாறி ஏறி வந்து சேர, கூட்டம் முடிந்து தேத்தண்ணிக் கோப்பையும் கழுவி வைத்துவிட்டார்கள். தாமதத்தின் காரணத்தைச் செயலாளர் ஜெயரட்ணத்திடம் சொல்லி அழுதேன். மனுவில் இரண்டாவது கையெழுத்து அவருடையது. என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய், "அந்த டொக்டரின்ரை நம்பரைத் தாரும், என்ரை மனுசிக்கும் நாரிநோ, இடுப்பை நிமித்தேலாமல் கிடக்கிறா" என்கிறார்!

ஆகவே நீர் உடனே வந்து, அந்தச் சொட்டு மருந்தை நிறுத்தும்படி தங்கச்சிக்குச் சொல்லவேண்டும். என் சொல் எடுபடாது. மனுப் படிவமும் இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், அங்கு நாலு பேரிடம் கையெழுத்து வாங்கிவாரும்.

மச்சாளுக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
மகேந்திரராஜா

பி.கு.: இதைத் தபாலில் போடப் புறப்பட்டேன், யோகாவும் வந்தாள். எங்கள் வாசற்படியில் என் தோளைப் பிடிக்காமல் அவள் இறங்கி எத்தனையோ காலம். இன்று பிடிக்காமல் இறங்கிப்போய் கேற்றடியில் நின்று, "என்ன பாக்கிறியள், வாங்கோவன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது மச்சான். திரும்பி வந்து உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். நீர் வரவேண்டாம், படிவத்தையும் கிழித்துவிட்டேன். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கட்டும், கார் ஓடுகிற விதியையும் திருத்தட்டும். அதற்கு யாராவது மனுப் போட்டால் முதல் கையெழுத்து என்னுடையது. கெதியாகப் போடச் சொல்லும், இந்த பஸ் எனக்குச் சரிவராது.