ஒரே பானையில் இரண்டு பால்

நன்னிலத்தில் இருக்கும் பெரிய மச்சான் நடராசன் அவர்களுக்கு, உங்கள் தங்கை சாவித்திரியின் கணவனும், நீங்கள் தற்சமயம் பார்த்துக்கொள்ளும் உரக்கடையின் சொந்தக்காரனுமான மதிவாணன் நெதர்லாந்து நாட்டிலிருந்து வணங்கி எழுதுவது. அங்கே அக்கா, பிள்ளைகள், கறவை மாடு எல்லோரும் சுகம்தானே? இங்கே நாங்கள் சுகம். இந்தச் சுகம் நீடிப்பது உங்கள் வாயில்தான் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் நீங்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடுவீர்கள். போன தடவை என் மூலவியாதி சமாச்சாரம் நன்னிலத்தைத் தாண்டிப் பேரளம் வரைக்கும் போய்விட்டது. அதனால்தான் கூத்தாநல்லூர் நௌஷாத் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இந்த ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார், தங்கச்சி நிக்காஹுக்காக வருகிறார். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டாயிற்றா? வாய்க்காலில் தண்ணீர் கடைமடைக்கு வந்ததா? இங்கே தெருவுக்குத் தெரு வாய்க்கால், மச்சான். வருஷம் முழுக்க முட்ட முட்டத் தண்ணீர். யாரும் எந்த அணையையும் திறக்க வேண்டாம், யாரும் மறியல் செய்ய வேண்டாம். முதல் நாள் பார்த்துவிட்டு எனக்குப் பொறாமையில் சாப்பாடு இறங்கவில்லை. வாய்க்கால் கரை நெடுக மாடுகள். ஒவ்வொன்றும் நம் வீட்டு மாட்டைப் போல ஒன்றரை இருக்கும், மடி தரையைத் தொடுகிறது. இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் என் மகள் வானதி பால் வேண்டாம் என்கிறாள்.

அவள் வீகன் ஆகிவிட்டாள் என்ற சேதி வந்த அன்று உங்கள் தங்கை, "பொண்ணு சைவமாயிட்டா" என்று தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். இங்கே வந்த பிறகுதான் முழு விவரம் தெரிந்தது. மீன் மட்டும் இல்லை, பால், தயிர், நெய், தேன் எதுவும் கிடையாது. "மீன விட்டா சரி, மோர் என்னடி பண்ணுச்சு உன்ன?" என்று சாவித்திரி கேட்டாள். வந்த முதல் நாள் மட்டும் பத்து தடவை கேட்டிருப்பாள். பதில் சொல்லச் சொல்ல மறுபடியும் முதலிலிருந்து கேட்டாள். அவள் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்த நெய்யை விமான நிலையத்திலேயே ஒரு அதிகாரி எடுத்து வைத்துக்கொண்டார். பால் பொருள் எதுவும் நாட்டுக்குள் வரக்கூடாதாம். "இன்னைக்கு அவன் வீட்ல பருப்பு சாதம்தான்" என்று வாசல் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இதெல்லாம்கூட ஓடியிருக்கும். வினை, புது வீடு ரூபத்தில் வந்தது. வானதியும் மாப்பிள்ளை வளவனும் வாங்கிய வீட்டுக்கு நீங்கள் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்துக் கொடுத்தீர்கள் அல்லவா, அன்று பால் காய்ச்ச வேண்டுமே! "என் அடுப்புல மாட்டுப்பால் ஏறாதும்மா" என்றாள் மகள். "பால் பொங்காத வீட்ல நான் ஒரு நாளும் தங்க மாட்டேன்" என்றாள் தாய். "அப்ப தங்காத." "என்னங்க, டிக்கெட்ட மாத்துங்க, ஊருக்குக் கிளம்பறேன்." அடுத்த மாதம் பிரசவம், மச்சான். பார்த்துக்கொள்ள வந்தவள் போய்விட்டால் பிள்ளையைக் குளிப்பாட்டுவது யார்? நானா? நான் யூரியா மூட்டையைத் தூக்கியிருக்கிறேன். பச்சைப் பிள்ளையைத் தூக்கியதில்லை. வானதியையே அவள் நடக்க ஆரம்பித்த பிறகுதான் தொட்டேன்.

அம்மாவும் பெண்ணும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு என் மூலமாகப் பேசிக்கொண்டார்கள். "உப்பு கம்மின்னு உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க." "உப்பு அவங்க முன்னாடிதான் இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லுங்கப்பா." கடைசியில் எனக்கு ஒரு புத்தி தோன்றியது. என் புத்தியைப் பற்றி உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் கேளுங்கள். சாவித்திரியிடம் தனியாகப் போய், "உன் பொண்ணு இறங்கி வந்துட்டா, அன்னைக்கு ஒரு நாளைக்கு மாட்டுப்பால்தான். ஆனா அவகிட்ட அதப் பத்திப் பேசாத, வெக்கப்படுவா" என்றேன். வானதியிடம் தனியாகப் போய், "உங்கம்மா இறங்கி வந்துட்டா, எந்தப் பாலா இருந்தாலும் பொங்கினா போதுமாம். ஆனா அதப் பத்திக் கேக்காத, அழுவா" என்றேன். பானை ஒன்று, பால் இரண்டு. இனி மாட்டிடமிருந்து வராத, ஆனால் மாட்டுப்பால் மாதிரியே பொங்குகிற ஒரு பாலைக் கண்டுபிடித்துவிட்டால் தீர்ந்தது.

அவர்கள் இருவரும் நடக்கப் போகும் நேரத்தில் நானும் வளவனும் வாடகை வீட்டு அடுப்பில் பரீட்சையை ஆரம்பித்தோம். பால் என்ற பெயரில் இங்கே கடைகளில் ஒரு சுவர் நிறைய அட்டைப் பெட்டி வைத்திருக்கிறார்கள். ஓட்ஸில் பால், பாதாமில் பால், பட்டாணியில்கூடப் பால். ஓட்ஸ் பால் சூடு ஏற ஏறப் பசையாகிவிட்டது, நம் கட்சிக்காரர்கள் கையில் கிடைத்தால் ஒரு தொகுதிக்கே போஸ்டர் ஒட்டலாம். தேங்காய்ப் பால் எண்ணெய் வேறு தண்ணீர் வேறாகப் பிரிந்து, ஆப்பத்துக்குக் காத்திருந்தது. பாதாம் பால் கொதித்துக்கொண்டே இருந்தது, ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. சோயாப் பால் மட்டும் எழுந்தது, மச்சான்! நுரை கட்டி விளிம்பு வரை வந்தது. நானும் மாப்பிள்ளையும் கையைப் பிடித்துக்கொண்டோம். ஒரு சொட்டு வழிந்ததுதான் தாமதம், அந்தக் கரண்ட் அடுப்பு கீ கீ என்று கத்திவிட்டுத் தானே அணைந்துகொண்டது. பொங்குவதைக் குற்றம் என்று நினைக்கிற அடுப்பை எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறீர்களா? "மாமா, அது பாதுகாப்புக்காக" என்றார் வளவன். யாருக்குப் பாதுகாப்பு? எனக்கா?

நௌஷாத் கடைக்கு ஓடினேன். "அண்ணே, பிக்னிக் போறவங்க வைக்கிற கேஸ் அடுப்பு இருக்கு, எடுத்துக்கங்க. அது எதப் பத்தியும் கவலைப்படாது" என்றார். எவர்சில்வர் பானை, மஞ்சள் கொத்துக்குப் பதிலாக வெறும் மஞ்சள் கிழங்கு, எல்லாம் கொடுத்துவிட்டு, "நம்ம ஊரு ஆளு பொங்க வைக்கிறதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டு இன்னைக்குதான் பாக்கறேன்" என்று சிரித்தார். சோயாப் பாலும் இரண்டு பெட்டி வாங்கிப் பத்திரமாக வைத்தேன்.

நீங்கள் குறித்த நாள் காலை, புது வீட்டில், உங்கள் பத்தரை மணி, எங்களுக்கு ஏழு. போனில் நீங்கள், அக்கா, உங்களுக்குப் பின்னால் பாதி நன்னிலம். பெட்டியைத் திறக்கப் போனால் இரண்டும் காலி. குடித்தது யார் என்று கேட்காதீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள், நான்தான். பரீட்சைக்கு என்று ஊற்றி ஊற்றி, மிச்சத்தில் காபி போட்டுப் பழகி, அது தெரியாத்தனமாக எனக்குப் பிடித்துப்போய்விட்டது. கொண்டுவந்த சாமானில் மீதி இருந்தது அந்த எழும்பாத பாதாம் பால்தான். வேறு வழியில்லாமல் யாரும் பார்க்காதபோது அதைப் பானையில் ஊற்றிவிட்டு, பூ எடுக்கிற மாதிரி தோட்டத்துப் பக்கம் போய் நின்றேன். திரும்பி வந்தபோது அடுப்பு எரிகிறது, சாவித்திரி வைத்த கண் வாங்காமல் பானையைப் பார்க்கிறாள், பக்கத்தில் வானதி நாற்காலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் மனசுக்குள் டிக்கெட்டை மாற்றிக்கொண்டிருந்தேன்.

பொங்கியது, மச்சான்! வெள்ளை வெளேரென்று நுரை, கிழக்குப் பக்கமாக, வழிந்து அடுப்பே அணைகிற மாதிரி. அம்மாவும் பெண்ணும் கட்டிக்கொண்டு அழுதார்கள். வளவன் என்னைப் பார்த்தார், நான் மேலே பார்த்தேன். அந்த நேரத்தில்தானா நீங்கள் போனுக்குள்ளிருந்து, "என்ன மாப்ள, பாலு கொஞ்சம் பழுப்பா இருக்கே, எந்த மாடு?" என்று கேட்க வேண்டும்? கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கெழமை தங்கச்சிகிட்ட பேசிக்கறேன்" என்று வேறு சொன்னீர்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கையெடுத்துக் கும்பிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை மழையைப் பற்றிப் பேசுங்கள், என் மூலவியாதியைப் பற்றிப் பேசுங்கள், பாலைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். இப்போதுதான் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிறார்கள். குழந்தைக்கு எந்தத் துணியில் தூளி கட்டுவது என்று நேற்று சண்டைகூடப் போட்டார்கள், அவ்வளவு ஒற்றுமை. அது கெடக்கூடாது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. மாட்டுக்கு விசேஷமான விசாரிப்பு, அதன் அருமை இப்போதுதான் தெரிகிறது.

இப்படிக்கு,
உங்கள் நாவை நம்பியிருக்கும்,
மதிவாணன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது சாவித்திரி வந்தாள். "அண்ணனுக்குத்தானே? நௌஷாத் திரும்பி வரும்போது நம்ம வயல் பச்சரிசி கொடுத்தனுப்பச் சொல்லுங்க. இருந்தத அன்னைக்குக் களைஞ்சு பானையில ஊத்தியாச்சு" என்றாள். எந்தப் பானையில் என்றேன். "பாதாம் பால் எங்கங்க பொங்கும்? நீங்க தோட்டத்துல நின்னப்ப அரிசி களைஞ்ச தண்ணிய ஊத்தினேன். களைஞ்சு கொடுத்ததே உங்க பொண்ணுதான்." அது மாட்டுப்பால் இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும் என்றேன். "முப்பது வருஷமா உங்களோட இருக்கேன், நீங்க பொய் சொல்றப்ப காதச் சொறிவீங்க" என்றாள். அப்புறம் ஏன் பொங்க வைத்தாய்? "பொங்கலன்னா ஊருக்குப் போறேன்னு சொல்லித் தொலைச்சிட்டேனே. புள்ளத்தாச்சிய விட்டுட்டு எங்க போறது? அவளும் போவாதன்னு சொல்ல மாட்டேங்கறா, அரிசிய மட்டும் களைஞ்சு நீட்டுறா." கதவு வரை போய்த் திரும்பிச் சொன்னாள்: "நீங்க பொய் சொன்ன அன்னைக்கே அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். 'எந்த மாடு'ன்னு சும்மா உங்கள ஆழம் பாத்துச்சு."

ஆகவே, மச்சான், மேலே எழுதியது எல்லாம் ரத்து. அடுப்பில் போட வேண்டாம், டீக்கடையில் வாசித்தே காட்டுங்கள். அரிசியை மட்டும் மறக்காமல் கொடுத்தனுப்புங்கள். சோயாப் பால் காபி வருகிற இடத்தில் மட்டும் இரண்டு வரி தாண்டிப் படியுங்கள், நான் அந்த ஊருக்குத் திரும்பி வர வேண்டும்.