வயிற்றில் ஏழாம் நம்பர் மலை

குனிந்து பார்த்தால் தன் கால்விரல் பத்தும் தெரிகிறவன் பாக்கியசாலி. அறுபத்தாறாவது வயதில் எனக்கு நான்குதான் தெரிந்தன. மீதி ஆறும் வயிற்றுக்குக் கீழே எங்கேயோ இருக்கின்றன என்ற நம்பிக்கையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

அது பரவாயில்லை. (அவமானம் வீட்டுக்குள்தானே.) ஆனால் அந்த வருடம், பூனாகலைப் பக்கம் முப்பத்தொரு வருடம் நான் கிளாக்கராக இருந்த தேயிலைத் தோட்டத்தில், மாரியம்மன் திருவிழாவின் முதல் மரியாதை எனக்கு என்று முடிவு செய்துவிட்டார்கள். சட்டையில்லாமல், வேட்டியோடு, வரிசை வீடுகளான ஒன்பது லயத்து ஜனங்களுக்கு முன்னால் நிற்க வேண்டும். அவர்களில் ஒருவர்கூட என்னைச் சட்டையில்லாமல் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை திருவிழா. செவ்வாய்க்கிழமை, கண் டாக்டரிடம் போவதாக மனைவி கமலத்திடம் சொல்லிவிட்டு, பதுளையில் வயிற்றைக் குறைத்துத் தரும் டாக்டர் ஒருவரிடம் போனேன். (மாடிப்படி இருபத்திரண்டு. மூன்று இடத்தில் நின்றேன்.) பல் பிடுங்குவதைப் போலக் காலையில் எடுத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம் என்பது என் திட்டம்.

அதைக் கேட்டு டாக்டர் சிரிக்கவில்லை. நர்ஸ் சிரித்தாள்.

"ரெண்டு வழி இருக்கு ஐயா," என்றார் டாக்டர். "குழாய் விட்டுக் கொழுப்பை மட்டும் உறிஞ்சலாம். தோல் தொங்கும். இல்லன்னா தொங்குற தோலையும் வெட்டி, தசையை இழுத்துத் தைக்கலாம். அதுக்குப் பல வாரம் ஓய்வு வேணும். எதுன்னாலும் முதல்ல இருதயத்தைப் பாக்கணும்."

எனக்குப் புரிவதற்காக ஊதாப் பேனாவால் வயிற்றிலேயே வரைந்து காட்டினார். உறிஞ்ச வேண்டிய இடங்களுக்கு ஏழு வட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் நம்பர். வெட்ட வேண்டிய இடத்தில் இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புவரை விட்டு விட்டு ஒரு கோடு. (முப்பத்தாறு துண்டு.)

"கண்ணாடியில பாத்து யோசிங்க. திங்கட்கிழமை போன் பண்ணிக் கேக்கிறோம். மை ரெண்டு நாள்ல அழிஞ்சிடும்."

குளியலறையைப் பூட்டிக்கொண்டு யோசித்தேன். புதன்கிழமை வட்டம் நல்லதாகப் பட்டது. வியாழக்கிழமை கோடு. முடிவும் வரவில்லை, மையும் போகவில்லை. சவர்க்காரமும் எலுமிச்சையும் போட்டு, தேங்காய் நாரால் இருநூற்று நாற்பது தடவை தேய்த்தேன். தோல் சிவந்ததுதான் மிச்சம். சிவப்பின் மேல் ஊதா இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை கோயிலில் துண்டை மார்பிலிருந்து போர்த்திக்கொண்டு நின்றேன். பூசாரி விடவில்லை.

"அம்மா முன்னாடி போத்திக்கிட்டு நிக்கக் கூடாதுங்கய்யா. துண்டை இடுப்புல கட்டுங்க."

கட்டினேன். மேளம் நின்றது. (நிஜமாகவே நின்றது.)

ஓய்வுபெற்ற கங்காணி முத்தையா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"கிளாக்கரையா, இது நம்ம தோட்டத்து மேப்பு மாதிரியே இருக்கே! ஒண்ணாம் நம்பர் மலை, ரெண்டாம் நம்பர் மலை... தொப்புளு ஏழாம் நம்பரு. கீழ போறது லொறி ரோடுங்களா?"

(தேயிலை நிற்கும் ஒவ்வொரு பகுதியையும் மலை என்று நம்பர் போட்டு அழைப்பது தோட்டத்து வழக்கம். அந்த நம்பர்களை முப்பத்தொரு வருடம் எழுதியவன் நான்தான்.)

பின்னாலிருந்து கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: "இன்னைக்கு எங்களுக்கு எந்த மலைங்கய்யா?"

கமலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "கண் டாக்டரு வயித்துலயா கண்ணைத் தேடுனாரு?"

இனி மறைக்க எதுவும் இல்லை. அங்கேயே இரண்டு வழிகளையும் சொல்லிவிட்டேன். முத்தையா தீவிரமாக யோசித்தார்.

"வட்டம்னா கொழுந்து எடுக்கிற மாதிரி. திரும்பத் துளிர்க்கும். கோடுன்னா கவ்வாத்து. கிளையெல்லாம் வெட்டிட்டா மாசக்கணக்கா மொட்டையா நிக்கும். வயசான செடி தாங்குமாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். கமலம் சிரிக்கவில்லை.

"நாப்பத்தொரு வருசமா நான் சோறு போட்டு வளத்ததுங்க. என்னை ஒரு வார்த்தை கேக்காம வெட்டிருவீங்களா?"

அதற்குள் பூசாரி முதல் மரியாதை மாலையை என் கழுத்தில் போட்டார். மாலை வயிற்றை மறைக்கும் என்று நம்பினேன். அது சரியாக மூன்றாம் நம்பர் வரை வந்து நின்றது.

திங்கட்கிழமை நர்ஸின் போனைக் கமலம்தான் எடுத்தாள். "கொழுந்தும் வேணாம், கவ்வாத்தும் வேணாம்மா. மலை அப்படியே இருக்கட்டும்." நர்ஸுக்கு என்ன புரிந்ததோ, மறுபடி போன் வரவில்லை.

இப்போது தினமும் நாலாயிரம் அடி நடக்கிறேன். விரல் ஆறு தெரிகிறது. ஆனாலும் சாப்பாட்டில் இரண்டாம் தடவை தட்டை நீட்டினால், கமலம் அகப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறாள்.

"ஏழாம் நம்பர் மலைக்கு இன்னைக்கு உரம் போட்டாச்சுங்க."