டீசல் ஐயாவுக்குப் பிறந்தநாள்

உலக வரலாறு எங்கெங்கோ நடந்திருக்கலாம். அதற்கு உரிய மரியாதை கிடைப்பது ஒரகடத்தில், எங்கள் கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் கேன்டீன் வாசலில்தான். அங்கே 'வரலாற்றில் இன்று' என்றொரு பலகை உண்டு. பிறப்பு, இறப்பு, நிகழ்வு என்று மூன்று கட்டங்கள். தினமும் செல்போனைப் பார்த்து அதை நிரப்புகிறவன் அடியேன், மனிதவள அதிகாரி. கேன்டீனில் மின்விசிறி கேட்டுத் தொழிலாளர்கள் மனுக் கொடுத்தார்கள். நிர்வாகம் தீர ஆலோசித்து இந்தப் பலகையைக் கொடுத்தது. காற்று வரும், போகும், அறிவு அப்படியா?

போன மார்ச் பதினெட்டாம் தேதி பலகை களைகட்டியிருந்தது. பிறப்பு: டீசல் இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல். நிகழ்வு: மனிதன் முதன்முதலாக விண்கலத்தை விட்டு வெளியே வந்து வெட்டவெளியில் மிதந்த நாள்.

"அந்தாளுக்கு அவுட்பாஸ் யார் சார் குடுத்தது?" என்று கேட்டான் டில்லிபாபு. எங்கள் லைன் சூப்பர்வைசர். வேலை நேரத்தில் கேட்டைத் தாண்ட இங்கே அவுட்பாஸ் சீட்டு வேண்டும். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டுதான் நாங்கள் அறிவைப் பரப்புகிறோம்.

டீசலுக்கு விழா எடுப்பதென்று பல மீட்டிங்குகள் கூடி 'ஒருமனதாக' முடிவாகியிருந்தது. படத்துக்குச் சந்தனம், குங்குமம், ரோஜா மாலை. கூடவே கேக். படம் மட்டும் போதுமா? டீசலில் ஓடுகிற ஏதாவது மேடைக்கு முன்னால் நிற்க வேண்டாமா? கம்பெனி ஆம்புலன்ஸைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பலூன் தொங்கவிட்டு நிறுத்தினேன். எம்.டி. என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்தா ஃபிரடி ஓடி வர வேண்டும்? வெல்டிங் லைனில் வேலை பார்ப்பவன். மண்ணூரில் ஒற்றை அறையில் குடித்தனம். மனைவி ஷாலினுக்கு நிறைமாதம்.

"சார், பக்கத்து வூட்டு ரத்னாக்கா செக்யூரிட்டி கேட்டுக்கு போன் பண்ணிச்சாம். ரத்தமா போய்க்கினு கீதாம் சார். அவுட்பாஸ் குடுங்க."

"ஹெட்கவுண்ட் குறையக் கூடாதுப்பா. போட்டோ ஹெட் ஆபீசுக்குப் போகணும். நீ போயிட்டா லைனை யார் பார்ப்பா?"

"லைனே நின்னுக்கினு கீதே சார்!"

பதற்றமான கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்வதே மனிதவளம். "அது விழாவுக்காக நிக்குது. உனக்காக நிக்கல."

"சரி, நான் போவல. ஆம்புலன்ஸையாவது அனுப்புங்க. நூத்தியெட்டு வேற கேஸுக்குப் போயிருக்காம். ஆட்டோக்காரன் பயந்துக்கினு ஏத்த மாட்றான்."

"பலூன் கட்டியிருக்கேப்பா!"

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்வது? டில்லிபாபுவுக்கும் விளங்கவில்லை. நேரே போய் வாழைக்கன்றைப் பிடுங்க ஆரம்பித்தான்.

"உசுரு போற விஷயம் சார்! சாவி எங்க?"

"கத்தாதே, எம்.டி. பேசிக்கிட்டிருக்கார்."

செக்யூரிட்டியை விட்டு இருவரையும் அமைதியாக உட்காரவைத்தோம். எம்.டி. 'வேகமே நம் மூச்சு' என்ற தலைப்பில் மிக நிதானமாக உரையாற்றினார். பிறகு கேக். பிறகு குரூப் போட்டோ. அதில் ஃபிரடி மட்டும் சிரிக்கவில்லை. ஹெட் ஆபீசில் கேட்டார்கள், சமாளித்தேன்.

போட்டோ முடிந்ததும், முழுக்க முழுக்க மனிதாபிமான அடிப்படையில், ஆம்புலன்ஸோடு அவனையும் அனுப்பிவைத்தேன். பலூன்களை அவிழ்க்கவில்லை. குழந்தை பிறக்கப் போகிற வீடாயிற்றே!

ஷாலின் பிழைத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்து ஃபிரடி வேலைக்கு வந்தான். பலகையில் நான் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றான்.

"சார், எம் பொண்ணும் அந்த டீசல் பொறந்த தேதிலதான் பொறந்தா. அன்னிக்கே பூட்டா. அடுத்த வருசம் அவளை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க? பொறப்புலயா, எறப்புலயா?"

தொழிலாளிக்கு வரலாற்றில் ஆர்வம் பிறந்துவிட்டது! எனக்குப் புல்லரித்தது. ஆனாலும் விதி விதிதானே. பொறுமையாக எடுத்துச் சொன்னேன்: "எல்லார் பேரையும் இதுல எழுத முடியாது ஃபிரடி. என்னைக்கும் மறக்க முடியாத மாதிரி ஏதாவது செஞ்சவங்க பேரைத்தான் எழுதலாம்."

அவன் பலகையில் விரலை வைத்தான்.

"அப்ப உங்க பேரை எழுதுங்க சார். நானும் ஷாலினும் மறக்க மாட்டோம்."