பாதி மீன் கடலுக்கு, பாதி மீன் காயலுக்கு

பாய் நனைந்துவிட்டது.

யார் நனைத்தது என்று தெரியவில்லை. அதுதான் பிரச்சினை. கெகெலி என் வயிற்றின் மேல் காலைப் போட்டு, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்குகிறான். அவன் சட்டையும் ஈரம், என் பாவாடையும் ஈரம். நான் கண்ணை மூடியது கொஞ்ச நேரம்தான். சத்தியமாகக் கொஞ்ச நேரம்தான். விடிந்ததும் தெருப் பெண்கள் எல்லாரும் இந்தப் பாயைப் பார்க்க வரப்போகிறார்கள், பிறந்த குழந்தையைப் பார்க்க வருவது மாதிரி.

என் தம்பிக்கு ஐந்து வயது. எனக்குப் பதினைந்து. ஐந்து வயதுக்காரன் பாயை நனைத்தால் அது செய்தியே இல்லை. பதினைந்து வயதுக்காரி, அதுவும் தீர்க்கதரிசி செனானு சாபம் விட்ட அன்றைக்கே நனைத்தால், தலைநகர் அக்ரா ரேடியோவிலேயே சொல்வார்கள்.

விளக்கைப் போட்டால் அம்மா எழுந்துவிடுவாள். இருட்டில் செல்போனில்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். படித்துவிட்டு உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ஒரு மணல் துண்டு. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் காயல். நடுவில் நாங்களும் எங்கள் சின்ன வெங்காயப் பாத்திகளும். இரண்டு பக்கமும் தண்ணீர் இருக்கிற ஊரில் தண்ணீரை வைத்துப் பிழைக்கலாம் என்று முதலில் கண்டுபிடித்தவன் மீனவன். அடுத்துக் கண்டுபிடித்தவர் செனானு. மீனவனாவது வலையை நனைக்க வேண்டியிருந்தது.

மழை ஓய்ந்த கையோடு அவர் வந்து இறங்கினார். பந்தல், நான்கு ஒலிபெருக்கி, வெள்ளை அங்கி, அக்ராவில் வாங்கின வேன்.

"உன் பிள்ளை ராத்திரியில படுக்கையை நனைக்குதா தாயே? அது பிள்ளையோட தப்பு இல்ல! தண்ணிப் பேய் அதைக் கல்யாணம் பண்ணியிருக்கு! ராத்திரியில வந்து குடும்பம் நடத்துது!"

நான்கு வயதுப் பிள்ளைக்குக் கல்யாணமாம். மாப்பிள்ளை கடலாம். கேட்டுவிட்டு ஊரே "ஆமென்" என்றது.

மறுநாளிலிருந்து விடியற்காலையில் வரிசைதான். தாய்மார்கள் பிள்ளைகள் நனைத்த துணியைப் பாத்திரத்தில் வைத்துத் தலையில் சுமந்து வந்தார்கள். அவர் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார். ஆமாம், முகர்ந்தார். வேறு எந்தத் தொழிலிலும் இவ்வளவு கஷ்டம் கிடையாது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடித் தீர்ப்புச் சொல்வார். "காயல்!" அல்லது, "சமுத்திரம்!" சமுத்திரம் என்றால் காணிக்கை இரண்டு மடங்கு. கடல் பெரியதல்லவா?

வைத்தியம் இதுதான். பிள்ளையை ஏழு நாள் அவர் முகாமில் விட வேண்டும். மதியத்துக்கு மேல் சொட்டுத் தண்ணீர் கிடையாது. இடுப்பில் உயிரோடு ஒரு தவளையைக் கட்டுவார்கள். பிள்ளை நனைக்கப் போனால் தவளை கத்துமாம். தவளை எப்போதும்தான் கத்தும். அதற்கு வேறு என்ன வேலை?

ஏழு நாளில் நிற்காவிட்டால் தாய்க்கு விசுவாசம் போதாது, இன்னும் ஏழு நாள். நின்றுவிட்டால் தீர்க்கதரிசியின் வல்லமை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் வளர்கிறார்கள். வளர வளர, ஒருத்தனுக்கு மூன்று வயதில், ஒருத்திக்கு ஏழு வயதில், அது தானாக நின்றுவிடுகிறது. இந்த மனிதர் காலண்டர் கிழிவதற்குக் காசு வாங்குகிறார். நல்ல வேளை, பால்பல் விழுவது இன்னும் அவர் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் அதற்கும் ஒரு பேயும் ஒரு தவளையும் இருந்திருக்கும்.

அம்மா முதலில் சுகாதார நிலையத்துக்குத்தான் போனாள். அங்கே நர்ஸ் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"அஞ்சு வயசுதானேம்மா? பகல்ல சரியா போய்க்கிறான்ல? ராத்திரிக்கு உடம்பு இன்னும் பழகல, அவ்ளோதான். பகல்ல நல்லா குடிக்கட்டும், படுக்கப் போற நேரத்துல குறைச்சுக்கோ. படுக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் வெளிய கூட்டிட்டுப் போ. திட்டாத, அடிக்காத. எரிச்சல், காய்ச்சல்னு ஏதாவது வந்தா மட்டும் தூக்கிட்டு வா."

மருந்து கொடுக்கவில்லை. காசும் வாங்கவில்லை. அங்கேதான் நர்ஸ் தோற்றுப்போனார்.

"காசு வாங்காம ஒரு வைத்தியமா?" என்று கேட்டாள் ஆஃபி அத்தை. பக்கத்து வீடு. செனானுவின் ஐந்தாவது ஒலிபெருக்கி. "தனக்கே நம்பிக்கை இல்லாதவதான் சும்மா சொல்லிட்டுப் போவா. இந்தா பாரு, தெருப்பசங்க டின்னைத் தட்டி, 'பாய் நனைச்சவன்'னு கத்திக்கிட்டு உன் புள்ள பின்னாடி ஓடுறாங்க. உனக்கு மானம் இல்ல?"

மானம் என்ற சொல் விழுந்ததும் அம்மா கெகெலியின் துணிமணியை மூட்டை கட்டிவிட்டாள்.

"நாளைக்குச் சந்தை நாள். டெலாலி, காலைல நீயே துணியைக் கொண்டு போய்க் காட்டு. அவர் என்ன சொல்றாரோ அதைக் கேட்டுட்டு வா. அடுத்த நாள் தம்பியை விட்டுட்டு வரலாம்."

கெகெலி மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"அக்கா, தவளை என்ன சாப்பிடும்?"

"எதுக்குடா?"

"ஏழு நாள் என்கூடத்தான் இருக்கப்போகுது. அதுக்குப் பசிக்குமே."

நான் எழுந்து நேராக எசினாம் வீட்டுக்குப் போனேன். எசினாம் என் வகுப்பு. வாய் நீளம், கால் அதைவிட நீளம், ஓட வேண்டி வந்தால் உதவும். எங்கள் வீட்டில் பெரிய மீன் அச்சடித்த பழைய போர்வை ஒன்று இருந்தது. துவைத்து, காய்ந்து, யாரும் பயன்படுத்தாதது. அதை நடுவில் கிழித்தோம். தலை எனக்கு, வால் அவளுக்கு. ஊழியப் பந்தலில் விற்கிற தண்ணீர் பாக்கெட் ஒன்று வாங்கினோம். செனானுவின் முகம் அச்சடித்து, அவர் கை வைத்து ஜெபித்த தண்ணீர். அந்த ஒரே பாக்கெட்டைப் பல்லால் கடித்து இரண்டு துண்டிலும் ஊற்றினோம்.

"மாட்டுனோம்னு வை, நம்ம இடுப்புல தவளை இல்லடி, முதலையைக் கட்டுவான்" என்றாள் எசினாம்.

நேற்றுக் காலை அவள் முன்னால் போனாள். நான் பத்துப் பேர் தள்ளி நின்றேன். செனானு மீன்வாலை மூக்கில் வைத்து, ஏதோ பூ மாதிரி, இழுத்து முகர்ந்தார்.

"யாரு துணி?"

"என் தங்கச்சிதுங்கய்யா." எசினாமுக்குத் தங்கச்சியே கிடையாது.

"காயல்! காயலோட கடைசிப் பிள்ளை இதைப் பிடிச்சிருக்கு!"

பிறகு என் முறை. மீன்தலையை முகர்ந்தார். நெற்றி சுருங்கியது. மறுபடி முகர்ந்தார். மைக்கைக் கிட்டே இழுத்தார்.

"வாடையே இல்ல! ஜனங்களே, கவனிங்க! வாடையை மறைச்சு வெச்சிருக்கு! இவ்வளவு தந்திரம் சமுத்திரத்துக்கு மட்டும்தான் வரும். மூணு தலைமுறையா இந்தக் குடும்பத்தை விடாம பிடிச்சிருக்கு!"

நான் கேட்டேன். "ஒருவேளை காயலா இருக்குமோ ஐயா?"

"பொண்ணே, நான் தப்பலாம். என் மூக்கு தப்பாது."

"சரிங்கய்யா. எசினாம், வாடி."

அவள் வந்தாள். இரண்டு துண்டையும் தூக்கிப் பிடித்துச் சேர்த்தோம். கிழிசலோடு கிழிசல் பொருந்தியது. பந்தல் முழுக்கப் பார்க்கிற மாதிரி ஒரே ஒரு மீன், ஒரு தலை, ஒரு வால்.

"தலை சமுத்திரத்துல, வாலு காயல்லயா?" என்றேன். "நடுவுல நம்ம ஊரே இருக்குதே ஐயா!"

பின்னால் நின்ற ஒரு மீனவர்தான் ஆரம்பித்தார். "இந்த வயசு வரைக்கும் இவ்வளவு நீள மீனை நான் பார்த்ததே இல்லப்பா! வலைக்கு நூல் எங்க வாங்குறது?"

பந்தல் வெடித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் நான் பாக்கெட்டை எடுத்துக் காட்டினேன். அதில் செனானுவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"நனைச்சது இந்தத் தண்ணியிலதான். நீங்க ஜெபம் பண்ணி வித்தது. மூணு தலைமுறைப் பேய் இதுக்குள்ளயா இருந்துச்சு?"

"ஏய், என் காணிக்கையை எடு!" என்று ஒரு பெண் மேடை ஏறினாள். "என் புள்ள ஏழு நாள் தாகத்துல அழுதான்டா!" என்று இன்னொருத்தி. ஒருத்தி தன் மகன் இடுப்பிலிருந்த தவளையை அவிழ்த்து மேடையில் விட்டாள். அன்றைக்கு அந்தப் பந்தலில் யாரையும் ஏமாற்றாமல் நடந்துகொண்டது அந்தத் தவளை ஒன்றுதான். கத்திக்கொண்டே காயல் பக்கம் போய்விட்டது.

அப்போதுதான் செனானு கையை உயர்த்தினார். என்னைச் சுட்டினார்.

"சிரிங்க! நல்லா சிரிங்க! சமுத்திரத்தைக் கேலி பண்ணின இந்தப் பொண்ணு, இன்னைக்கு ராத்திரி தன் பாயைத் தானே நனைப்பா! விடிஞ்சதும் போய்ப் பாருங்க!"

சிரிப்பு நின்றுவிட்டது. பாதி முகங்கள் என் பக்கம் திரும்பின, ஏற்கெனவே நான் நனைத்துவிட்ட மாதிரி.

சாயங்காலத்துக்குள் வேனைக் காணோம். சொந்தச் சாபம் பலிப்பதை இருந்து பார்க்க அவருக்கே பொறுமை இல்லை. ஆனால் ஆஃபி அத்தை எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"அவர் ஒண்ணும் ஓடல. காயலுக்கு அக்கரையில ஊழியம் வெச்சிருக்கார். காலைப் படகுல நான் போறேன். போற வழியில பாயைப் பார்ப்போம். நனைஞ்சிருந்தா, கெகெலியை என்கூட அனுப்பிடு."

அம்மா பாய்ந்து அவளை விரட்டுவாள் என்று காத்திருந்தேன். மீன் கதையைக் கேட்டு மத்தியானம் கண்ணில் நீர் வரச் சிரித்தவள்தான் அம்மா. இப்போது மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பாப்போம்" என்றாள்.

ராத்திரி எனக்கு அக்ப்லே களியை உருட்டி வைத்தாள். வெண்டைக்காய்க் குழம்பு ஊற்றவில்லை. தண்ணீர்க் குவளையும் இல்லை.

"நீ அந்த ஆளை நம்புறியாம்மா?"

"சேச்சே, யாரு நம்புறா? ஆனா எதுக்கு வம்பு?"

இந்த 'எதுக்கு வம்பு' இருக்கிறதே, அதுதான் செனானுவின் முதலீடு. வேன், அங்கி, ஒலிபெருக்கி எல்லாம் அதிலிருந்து வந்த வட்டி.

படுக்கும் முன் நான் கழிப்பறைக்கு நான்கு தடவை போனேன். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் போனேன். எதுக்கு வம்பு? பாருங்கள், எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கெகெலிதான் தைரியம் சொன்னான். "பயப்படாதக்கா. நனைஞ்சா ஒண்ணும் ஆகாது. முதல்ல சூடா இருக்கும். அப்புறம் சில்லுனு ஆயிடும். அவ்ளோதான்."

விடிய விடிய உட்கார்ந்திருக்கத்தான் நினைத்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். எப்போது சாய்ந்தேன் என்று தெரியவில்லை. சில்லென்று இருந்ததும் விழித்தேன்.

இப்போது என்ன செய்வது? பாயைத் துவைத்தால் துவைத்த பாயே சாட்சி. ஓரத்தைப் புரட்டிப் பார்த்தேன், அந்தப் பக்கமும் ஈரம். தம்பிதான் என்றால் "கடல் இன்னும் விடல" என்பார்கள். நான்தான் என்றால் "சாபம் பலிச்சுது" என்பார்கள். உலர்ந்தே இருந்திருந்தாலும் ஆஃபி அத்தை விட்டிருக்க மாட்டாள். "அவர் இரக்கப்பட்டு மன்னிச்சுட்டார்" என்றிருப்பாள். எந்தப் பக்கம் விழுந்தாலும் செனானுவுக்கே பூ விழுகிற காசு இது. நேற்று ஊரே கண்ணால் பார்த்த மீனை ஒரே ராத்திரியில் மறந்துவிடுமா? மறந்துவிடும். கண்ணால் பார்த்தது இலவசம்தானே.

ஒரு யோசனை வந்தது. குனிந்து, அவன் பக்கத்தை முகர்ந்தேன். என் பக்கத்தை முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. மூக்கால் எதுவும் கண்டுபிடிக்க முடியாது என்று ஊருக்கே நிரூபித்தவள் நான்தானே! அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

பாயைப் பார்க்க வருகிறவர்களே, உங்களுக்கு ஒன்று எழுதி வைக்கிறேன். பாயை வெயிலில் போட்டால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும், காணிக்கை தேவையில்லை. அப்படியே உங்கள் மூளையையும் கொஞ்சம் வெளியே எடுத்துப் போடுங்கள். ரொம்ப நாளாக ஈரத்தில் கிடக்கிறது.

வெளியே செருப்புச் சத்தம். ஆஃபி அத்தைதான். தனியாக வரவில்லை.

கெகெலி கண்ணைத் திறந்துவிட்டான். தன் சட்டையைத் தொட்டுப் பார்க்கிறான். பாயைத் தொடுகிறான். பிறகு கையை நீட்டி என் பாவாடையைத் தொடுகிறான். அவன் முகத்தில் தினமும் காலையில் வருகிற பயம் இன்று வரவில்லை. கண் விரிந்திருக்கிறது. துணைக்கு நானும் இருக்க ஆசைப்படுகிற மாதிரி, ரகசியமாகக் கேட்கிறான்:

"அக்கா, இது நானா, நீயா?"