சர்வருக்கு நான் கொடுத்த ஓய்வு

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. ஐந்தரைக்கு எழுந்தேன். ஒரு டம்ளர் வெந்நீர். பாலக்கரை சர்ச்சில் காலைத் திருப்பலி. திரும்பி வந்து மூன்று இட்லி. ஸ்கூட்டரின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, காவிரிப் பாலம் தாண்டி, ஒன்பது மணிக்குள் ஸ்ரீரங்கம் அலுவலகத்தில் இருந்தேன். இதுவரை என்மேல் யாரும் ஒரு குற்றம் சொல்ல முடியாது. இதற்குப் பிறகு சொன்னார்கள். இன்றுவரை சொல்கிறார்கள்.

எங்களுடையது ஒரு தனியார் பால் நிறுவனம். துறையூர், உப்பிலியபுரம் பக்கத்துக் கிராமங்களில் பாலை வாங்கி, பாக்கெட்டில் அடைத்துத் திருச்சியில் விற்கிறோம். அதில் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் நான், அந்தோணிசாமி. (பிரிவில் வேறு ஆள் கிடையாது.) இருபது வருடமாக ஒரு சர்வரைக் கட்டிக் காத்தவன். அதற்குத் தனி அறை, தனி ஏசி, ஆள் உயரத்துக்கு பேட்டரி வரிசை. செருப்புக் காலோடு யாரையும் உள்ளே விட்டதில்லை, முதலாளி உட்பட.

அந்த வருடம் ஆகஸ்டில் அதைப் பிடுங்கிவிட்டார்கள். எல்லாம் கிளவுட் ஆகிவிட்டதாம். அதாவது நம் சர்வர் நம்மிடம் இருக்காது; எங்கோ ஒரு பெரிய கம்பெனியின் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கும்; நாம் இங்கிருந்தபடி இன்டர்நெட் வழியாக அதில் வேலை செய்துகொள்ளலாம். மின்வெட்டு பயமில்லை, ஏசி செலவில்லை. சென்னையிலிருந்து வந்து இதை மாற்றிக் கொடுத்த கவிதா என்ற பெண், கடைசி நாளன்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “இனிமே நீங்க எதுவுமே பண்ண வேண்டாம் சார்.”

ஐம்பத்திரண்டு வயது மனிதனிடம் சொல்லக்கூடிய வாக்கியமா இது? போகும்போது அவள் அரை நாள் பயிற்சி வேறு நடத்தினாள். கடைசி நாற்காலியில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் காதில் அந்த ஒரு வாக்கியம்தான் ஓடிக்கொண்டிருந்தது. மறுவாரமே அவள் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன்: வேலை முடிந்துவிட்டதால் உங்கள் ஆட்கள் யாருக்கும் எங்கள் சர்வரைத் தொடும் உரிமை இருக்கக் கூடாது, அனைத்தும் என் ஒருவன் பெயரில் இருக்க வேண்டும். மறுபேச்சு இல்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

இனி பூஜைக்கு வருகிறேன். முதலாளி விஜயராகவன் சார் பழுத்த வைஷ்ணவர். ஆனால் எங்கள் அலுவலகத்து ஆயுத பூஜையில் அவரைவிட ஆசாரமானவன் நான்தான். பூஜையில் வைத்த ஆயுதம் ஓய்வெடுக்க வேண்டும், மறுநாள் காலை மறுபூஜைக்குப் பிறகுதான் எடுக்க வேண்டும் என்று நான் சேர்ந்த வருடம் அவர் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மாலை நான்கு மணிக்கு சர்வரை அணைப்பேன். விஜயதசமி காலையில் பொத்தானை அழுத்துவேன். ஒரு வருடமும் தவறியதில்லை.

“அந்தோணி, சர்வரை எங்கே ஏளப் பண்ணப் போறீர்?” என்று கேட்டார் முதலாளி. (பெருமாளை எழுந்தருளப் பண்ணுவதற்கு அவர் வீட்டில் சொல்லும் வார்த்தை. என் சர்வருக்கும் அதே மரியாதை உண்டு.)

“சர்வர்தான் இல்லையே சார்.”

“இல்லாம எப்படிங்காணும் பால் கணக்கு ஓடறது?”

“எங்கேயோ வாடகைக்கு இருக்கு சார்.”

“வாடகை வீட்டு வாசல்லயும் கோலம் போடறோமோல்லியோ? அதுக்குன்னு ஏதாவது உம்ம கையில இருக்கும். கொண்டு வாரும்.”

யோசித்தேன். சர்வரை இயக்குவது என் லேப்டாப். லேப்டாப்பில் உள்ளே நுழைய வேண்டுமென்றால் என் போனில் ஒரு எண் வரும். அரை நிமிடத்துக்கு ஒரு முறை அது மாறும். ஆக இந்த இரண்டும் சேர்ந்ததுதான் இன்றைய சர்வர். முறையாகச் செய்வதென்றால் இரண்டையும்தான் வைக்க வேண்டும்.

பூஜை நடந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். என் பழைய சர்வர் அறை! “காலியாத்தானே கிடக்கு” என்று பால் கவர் உருளைகளை ஏற்கெனவே அங்கே அடுக்கியிருந்தார்கள். அந்த உருளைகளுக்கு முன்னால் வாழை இலை, பொரி, சுண்டல், எடைத் தராசு. நான்கு மணிக்கு லேப்டாப்பில் ‘நிறுத்து’ என்ற இடத்தை அழுத்தினேன். “நிச்சயமாகவா?” என்று கேட்டது. இருபது வருடம் அணைத்தவனிடம் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். ஆமாம் என்றேன். லேப்டாப்பை மூடி, போனையும் அதன்மேல் வைத்தேன். முதலாளி தாராளமாகச் சந்தனம் அப்பி, குங்குமம் இட்டு, பூச்சூட்டினார். கற்பூரம் காட்டியானதும், பொரிக்கு எலி வரும் என்று அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கோயிலில் தாயார் நவராத்திரி உற்சவத்துக்குக் கிளம்பிப் போனார்.

ஐந்து மணிக்கு, பூட்டிய அறைக்குள்ளிருந்து மாதா பாட்டு கேட்டது. என் போன்தான். பூஜையில் இருக்கும் போனை எடுக்கலாமா? கூடாது. மறுபடி பாடியது. ஆயுத பூஜை அறைக்குள் மாதா விடாமல் பாடிக்கொண்டிருக்க, வெளியே நான் கைகட்டி நின்றேன். பிறகு மேஜைமேல் இருந்த அலுவலகத் தொலைபேசி அலறியது. உப்பிலியபுரம் கொள்முதல் மையத்தைப் பார்த்துக்கொள்ளும் சரோஜா.

“எத்தனை வாட்டி சார் கூப்பிடுறது? மெஷின் எடை காட்டுது, சீட்டு வர மாட்டேங்குது. வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. அம்புட்டுப் பேரும் கேனோட நிக்கிறாங்க.”

“அணைச்சுப் போட்டீங்களாம்மா?”

“மூணு தடவை போட்டாச்சு. கையால எழுதிக்கட்டுமா?”

“கூடாது!” என்றேன். கையெழுத்துச் சீட்டு செல்லாது என்று எல்லா மையத்துக்கும் சுற்றறிக்கை அனுப்பியதே நான்தான்.

“நீங்க கூடாதுங்கிறீங்க. இவங்களும் சீட்டு இல்லாம ஊத்த மாட்டேங்கிறாங்க. பால் திரிஞ்சா நீங்க வந்து குடிப்பீங்களா?”

எனக்கு ரத்தம் கொதித்தது. சொன்னேனா இல்லையா? கிளவுட் கவிழும் என்று முதல் நாளிலிருந்து சொன்னவன் நான். கவிதாவின் எண்ணைத் தேடிப் பிடித்தேன்.

“உங்க கிளவுட் விழுந்துடுச்சும்மா! ஊரே பாலோட நிக்குது! இதுக்குத்தான் எங்க சர்வரைப் பிடுங்கினீங்களா?”

“ஒரு நிமிஷம் சார், அறிவிப்பு மெயில் மட்டும் எங்களுக்கு இன்னும் வருது, பாக்கறேன்.” விசைகளைத் தட்டும் ஓசை. “சார், அது விழலை. நாலு மணிக்கு யாரோ நிறுத்தியிருக்காங்க.”

“யாரு? எந்த முட்டாள்?”

“பேரு வந்திருக்கு சார்.” சற்றுத் தயங்கினாள். “அந்தோணிசாமின்னு.”

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

“உங்க பாஸ்வேர்டை யாராவது திருடிட்டாங்களா சார்?”

“இல்லம்மா. பூஜைக்கு.”

“எதுக்கு சார்?”

“ஆயுத பூஜைக்கு. ஓய்வு கொடுத்தேன்.”

அந்தப் பக்கம் இருமல் கேட்டது. (சிரிப்பை அடக்கினாள் என்பது என் துணிபு.) பிறகு மிகப் பணிவாக விளக்கினாள். முன்பு ஒவ்வொரு மையத்திலும் தனிக் கம்ப்யூட்டர் இருந்தது. அது தானே கணக்கு வைத்துக்கொண்டு, என் சர்வர் ஓடும்போது எனக்கு அனுப்பியது. அதனால் மாலையில் நான் சர்வரை அணைத்தது இருபது வருடமாக யாருக்கும் தெரியவே இல்லை. இப்போது மையத்தில் இருப்பது வெறும் திரை. பாலை ஊற்றிய நொடியில் கொழுப்புக்கு ஏற்ற விலையைப் போட்டுச் சீட்டுத் தருவது மேலே இருக்கும் சர்வர். “பயிற்சியில சொன்னேனே சார்.”

“சரிம்மா, நீங்களே ஆன் பண்ணிடுங்க.”

“எங்களுக்கு உரிமை இல்லையே சார். நீங்கதானே கடிதம் எழுதி எடுக்கச் சொன்னீங்க.”

சாவிக்காகக் கோயிலின் ரங்கா ரங்கா கோபுரத்தை நோக்கி ஓடினேன். நல்ல வேளை, முதலாளி வழியில் யாரிடமோ நெடுநேரம் பேசிவிட்டு, அப்போதுதான் செருப்பை விட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

“அறைச் சாவிதானே? இந்தாரும்.”

நான் அதிர்ந்துபோனேன். “சார், பூஜையில வெச்சதை மறுபூஜைக்கு முன்னாடி எடுக்கறதா? நீங்கதானே சொல்லியிருக்கீங்க! ஏதாவது பரிகாரம் பண்ணிட்டு...”

“ஓய், நீர் சர்ச்சுக்குப் போறவர்தானே? உமக்கு என்ன பரிகாரம்? அத்தனை பேர் பாலோட நிக்கறா. அது கெட்டுப் போனா, அதுதாங்காணும் அபசாரம். ஓடும்! நான் தாயாரைச் சேவிச்சுட்டு வரேன்.”

இருபது வருடம் நான் கட்டிக் காத்த விதியை, செருப்பை விட்டுக்கொண்டே தளர்த்திவிட்டார். இதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

அறையைத் திறந்தேன். போனைத் திறக்க விரல் ரேகை வைக்கும் இடத்தில்தான் முதலாளி சந்தனத்தை அப்பியிருந்தார். அது காய்ந்து செங்கல்லாகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். திரை தெரிந்ததும் எண்ணைப் படித்தேன். குங்குமத்துக்கு அடியில் இருந்தது மூன்றா எட்டா என்று தெரியவில்லை. துடைப்பதற்குள் எண் மாறிவிட்டது. மீண்டும் தவறு. பொரித் தட்டின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நான்காவது முறையில் உள்ளே போனேன். ‘தொடங்கு’ என்பதை அழுத்தினேன். இந்த முறை நிச்சயமாகவா என்று அது கேட்கவில்லை.

சரோஜாவை அழைத்தபோது சீட்டு வரத் தொடங்கியிருந்தது. ஆனால் பாதிப் பேர் வேறு கம்பெனி வேனில் பாலை ஊற்றிவிட்டுப் போய்விட்டார்களாம். “இனி அவங்க வந்தாத்தான் சார் நெசம்,” என்று போனை வைத்தாள்.

முதலாளி தரிசனம் முடிந்து வந்து, சந்தனம் படிந்த என் சட்டையைப் பார்த்தார். “அடுத்த வருஷம் லேப்டாப்பை வைக்க வேண்டாம். உம்மையே இலைக்குப் பக்கத்துல உக்காத்தி வெச்சுடறேன். நீர் ஓய்வெடுத்தா எல்லாம் தானா ஓடும்.”

வீட்டில் ஜெசிந்தாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் மனைவி கணக்கு டீச்சர். எதையும் மறக்க மாட்டாள். இன்றும் ஆளில்லாத அறையில் நான் விசிறியை அணைக்கப் போனால், “உப்பிலியபுரத்துல ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்கிறாள். மருமகன்கூடக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள், விஜயதசமி. மறுபூஜைக்குப் போகவில்லை. அழுத்துவதற்கு அங்கே பொத்தான் ஏதும் இல்லை. சத்திரம் பேருந்து நிலையத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து, உப்பிலியபுரம் மையத்தில் இறங்கி, சரோஜாவின் திரைக்கு அருகில் நின்றுகொண்டேன். இத்தனை வருடத்தில் அங்கே போனது அதுவே முதல் முறை. நேற்று வேனுக்குப் போனவர் என்று சரோஜா கண்ணைக் காட்டிய ஒரு பெண்மணி கேனோடு வந்தார். எனக்குப் போன உயிர் திரும்பியது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“யாரு இவரு?”

“திருச்சியிலேருந்து வந்திருக்காரு. கம்ப்யூட்டர் சாரு,” என்றாள் சரோஜா.

அந்த அம்மாள் கேனைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “அப்ப அவரைக் கொஞ்சம் அந்தாண்ட நிக்கச் சொல்லு தாயி. நான் ஊத்திக்கிறேன்.”