பைலட்டுக்குக் கண் சோதனை

தஞ்சாவூர் ஜில்லாவில் உழவு மாட்டிடம் இங்கிலீஷில் உத்தரவு கேட்டுவிட்டுத் திரும்பின ஆள் ஒருத்தன்தான். ஊர் அவனுக்கு வைத்த பெயர் பைலட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

நான் மூன்றாவதோடு நின்றவன். அவன் எங்கள் தெருவிலேயே முதல் எஸ்.எஸ்.எல்.சி. ஒரத்தநாட்டுக்கு நடந்தே போய்ப் படித்தான். பாஸ் பண்ணிவிட்டு வந்து, என்னோடு அதே மிராசுதார் வயலில் இறங்கினான். வேறு வேலை இல்லை.

புதுக் கட்சி ஆட்சிக்கு வந்து கொஞ்ச வருஷம் ஆகியிருக்கும். சம்பாவில் புகையான் விழுந்தது. பயிரைத் தீய்த்துவிடுகிற பூச்சி. சர்க்கார் குட்டி விமானம் அனுப்பி மருந்து அடித்தார்கள். வயலுக்கு இந்தக் கரையில் ஒருத்தன், அந்தக் கரையில் ஒருத்தன் வெள்ளைக் கொடியோடு நிற்க வேண்டும். இரண்டு கொடியையும் நேராக வைத்து விமானம் தாழ்ந்து வரும். பக்கத்தில் வந்ததும் காற்று வருகிற பக்கமாக ஓடிவிட வேண்டும். மருந்து மேலே விழாது. இந்தக் கரையில் அவன் நின்றான். அந்தக் கரையில் நான்.

வேலை முடிந்து விமானம் ஓட்டினவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். இவன் நேரே போய்க் கேட்டான்.

"சார், இதை ஓட்ட என்னங்க படிக்கணும்?"

அவர் சிரிக்கவில்லை. அதுதான் வினை.

"எஸ்.எஸ்.எல்.சி. இருக்கா? கணக்கு, சயின்ஸ்?"

"இருக்குங்க சார்."

"அப்ப முதல்ல டாக்டர் சர்ட்டிபிகேட். கண்ணு சரியில்லன்னா மத்தது எதுவும் பேச வேண்டாம். அப்புறம் மெட்ராஸ்ல கிளப்புல சேரணும். கொஞ்ச நாள் வாத்தியாரோட ஓட்டணும், அப்புறம் தனியா. காத்து, மழை, வழி எல்லாத்துக்கும் பரீட்சை உண்டு. இருநூறு மணி நேரத்துக்கு மேல பறந்து நோட்டுல எழுதினாத்தான் சம்பளத்துக்கு ஓட்ட விடுவாங்க."

மறுநாளே நோட்டு வாங்கிவிட்டான்.

விமானம் கிடைக்கவில்லை. பரம்பு கிடைத்தது. உழுத சேற்றைச் சமன் பண்ண மாடு பூட்டி இழுக்கிற பலகை அது. மேலே ஆள் ஏறி நிற்க வேண்டும். அவன் அப்பாவும் கூட நின்றால் நோட்டில் 'வாத்தியாரோடு' என்று எழுதுவான். அவன் மட்டும் நின்றால் 'தனி'. மூலை வந்தால் மாட்டைப் பார்த்து, "மே ஐ டர்ன் லெப்ட், சார்?" என்பான். மாடு வலது பக்கம் போகும். அதையும் எழுதுவான்: 'காற்று பலம். பாதை விலகியது.'

காற்று எந்தப் பக்கம் என்று தெரிய ஒரு துணிக்குழாய் வேண்டுமாம். அம்மாவின் ரவிக்கைக் கையை வெட்டி மூங்கிலில் ஏற்றிவிட்டான்.

"பாவிப் பயலே, இருக்கிறதே ரெண்டு ரவிக்கை. தெருவே அண்ணாந்து பாக்குதுடா!"

"பிளேனு இறங்கணும்னா வேணும்மா."

"எங்கடா இறங்கும்? என் உலைப்பானையிலயா?"

கண்ணுக்காகத் தினம் பொன்னாங்கண்ணிக் கீரை. வாய்க்கால் கரையில் ஒரு கொத்து விட்டுவைக்கவில்லை. ஆடுகள் அவனைக் கண்டால் முறைத்தன. ரோட்டில் நிற்கும்போது எங்களுக்குப் புழுதிதான் தெரியும். அவன், "வேளாங்கண்ணி வண்டி, முன்னாடி சீட்டுல பாதிரியார்" என்பான். பஸ் வந்து நிற்கும். பாதிரியார் இருப்பார். அப்படிப்பட்ட கண்.

மிராசுதார் காதுக்கும் போனது.

"ஏண்டா, நீ ஆகாசத்துக்குப் போயிட்டா சேத்துல யார்றா இறங்குறது?"

"மேலேருந்து பாத்து, ராத்திரி யாரு மடையத் தொறக்குறாங்கன்னு சொல்றேங்க ஐயா."

திறப்பது மிராசுதார் ஆள்தான். ஊருக்கே தெரியும். பைலட்டுக்கு ஒரு வாரம் வேலை இல்லை. நோட்டில் 'மோசமான வானிலை' என்று எழுதிவைத்தான்.

அடுத்த வருஷம் கூலித் தகராறு வந்தது. பேசி முடிகிறவரை மிராசுதார் வயலில் யாரும் வேலை செய்யக் கூடாது என்றது சங்கம். ரோட்டில் போலீஸ் வேன் நின்றது. பக்கத்து ஊரில் இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. நானும் சங்கத்தில் இருந்தேன்.

அந்த வாரம்தான் மறுபடி விமானம் வந்தது. அதே சார். இவனை மறக்கவில்லை. திருச்சியில் கண் டாக்டரிடம் சொல்லி, வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார். டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுத்தால் கிளப்புக்குக் கடுதாசி தருகிறேன், சர்க்கார் உதவியில் ஓர் இடம் இருக்கிறது என்றார்.

கொடிக்கு மட்டும் ஆள் இல்லை. பைலட்டு என்னிடம் வந்தான்.

"நாளைக்கு ஒரு காலைப் பொழுது அந்தக் கரையில நில்லுடா. அவரு வேலை கெட்டுதுன்னா என் கடுதாசியும் போச்சு."

"கருங்காலின்னு பேரு வாங்கச் சொல்றியா?"

"வயலுக்குள்ள இறங்கலடா. வரப்புலதானே நிக்கிறோம்."

"வரப்பு உங்கப்பன் வரப்பா?"

"பிளேனுக்குத்தானேடா கொடி காட்டுறோம்?"

"பிளேனு யாரு வயலுக்கு மருந்து அடிக்குது?"

நான் சொன்னது சரி. இன்றைக்கும் சரிதான்.

மறுநாள் தனியாகப் போனான். நான் ரோட்டில் நின்று பார்த்தேன். இரண்டு கரையிலும் கழியில் கொடி கட்டி நட்டிருந்தான். விமானம் ஒரு தடவை போய்த் திரும்பி வருவதற்குள் இந்தக் கொடியை அடுத்த பட்டைக்குத் தள்ளி நட்டுவிட்டு, அதையும் தள்ளி நட அந்தக் கரைக்கு ஓட வேண்டும். மருந்துப் புகை அடங்காத வரப்பில் ஓடினான். மறுபடி இந்தக் கரைக்கு. காற்றுப் பக்கம் ஒதுங்க நேரம் இல்லை. கீழே நிற்பது ஒரே ஆள் என்று மேலே இருந்தவருக்குத் தெரியாது. எட்டு முறை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை.

அன்று மாலை அவன் கண் கோவைப்பழம். பிள்ளை பெற்ற வீட்டில் தாய்ப்பால் வாங்கிக் கண்ணில் விட்டார்கள். வீக்கம் வடிந்தது. சிவப்பு போனது.

தெருவில் யாரும் அவனோடு பேசவில்லை. வியாழக்கிழமை நான் அவனோடு பஸ் ஏறினேன். சங்கத்தில் கேட்டார்கள். டிக்கெட் வாங்கியாச்சு என்றேன்.

டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சு. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சுவரில் எழுத்துப் பலகை. பைலட்டு என் பக்கம் குனிந்தான்.

"பலகை தெரியுது. எழுத்து தெரியல. படிச்சுச் சொல்லுடா."

"எனக்கு ஏதுடா இங்கிலீஷு?"

"உருவத்தைச் சொல்லு."

எட்டிப் பார்த்தேன். "முதல்ல ஒரு ஏணி."

"குறுக்குக் கட்டை எத்தன?"

"ஒண்ணு."

"எச். அப்புறம்?"

"கூரை. நடுவுல உத்தரம்."

"ஏ."

"கவட்டை. கீழ பிடி இருக்கு."

"ஒய்."

பலகை முழுக்க இப்படியே. பெஞ்சில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா எங்களை இரண்டு கிறுக்கர்கள் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தார்.

உள்ளே போனான். ஒரு எழுத்துத் தப்பாமல் ஒப்பித்தான். டாக்டர் "குட்" என்றார். எழுந்து பலகையைத் திருப்பி மாட்டினார். பின்பக்கமும் எழுத்து இருந்தது.

"இப்ப இதைப் படி."

அவன் மெல்லக் கதவுப் பக்கம் திரும்பினான். டாக்டர் வந்து கதவைச் சாத்தினார்.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் குரல் வெளியே கேட்டது.

"கருவிழியில தழும்பு இருக்கே. மருந்து பட்டதும் தண்ணி விட்டுக் கழுவலையா?"

"கழுவினேங்க."

"எந்தத் தண்ணியில?"

"வாய்க்கால்லங்க. வயலுக்குப் பக்கத்துலயே ஓடுதுங்க."

எங்களுக்குக் கை கால் முகம் எது கழுவினாலும் வாய்க்கால்தான். மருந்து அதிலும்தானே விழுந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றியிருக்காது.

வெளியே வந்தவன் கையில் சர்ட்டிபிகேட் இல்லை.

திரும்பும் பஸ் செங்கிப்பட்டி தாண்டியது. பிறகு நான்தான் சொன்னேன்.

"அன்னிக்கு வந்து நின்னிருக்கணும்டா."

"நீயா? நின்னிருந்தா உன் கண்ணும் போயிருக்கும். அப்புறம் அந்த ஏணி, கூரையெல்லாம் யாரு பாத்துச் சொல்றது?"

சிரித்தான். ஆளுக்கொரு கரை நின்றிருந்தால் இரண்டு பேருக்குமே ஒன்றும் ஆகியிருக்காது. எனக்குத் தெரியும். அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். ஊர் வரும்வரை நான் அசையவில்லை.